ஸ்பானிய ‘ஸ்’ எங்கே மறைகிறது? உச்சரிப்பு ஆய்வும் மொழி வகுப்பறையும்

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்த சில வாரங்களில், போர்த்துகல் எல்லையோரம் ஊர் ஊராகச் சென்று மக்களின் பேச்சைக் குறித்துக்கொண்டிருந்த அனிபால் ஒதேரோ என்ற கலீசிய ஆய்வாளர் கைதுசெய்யப்பட்டார். அவர் கையிலிருந்த ஏடுகளில் எந்த மொழியின் நெடுங்கணக்கிலும் இல்லாத எழுத்துகள் இருந்தன. மேலே புள்ளி, கீழே கொக்கி, பக்கவாட்டில் கோடு. உளவாளியின் சங்கேதக் குறிப்பு என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். ஒதேரோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, அவர் சில ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அந்த ஏடுகளில் இருந்தவை ஒலிக்குறிகள் மட்டுமே. நாட்டுப்புறத்து மக்கள் அன்றாடச் சொற்களை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதைக் காதால் கேட்டு, கேட்டபடியே எழுதிய பதிவுகள் அவை.

ஐபீரியத் தீபகற்பத்தின் பேச்சு வழக்குகளை வரைபடங்களில் பதிக்கும் பெருந்திட்டம் ஒன்றுக்காக ஒதேரோ அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். மாட்ரிடில் ரமோன் மெனெந்தெஸ் பிதால் நடத்திவந்த வரலாற்றாய்வு மையத்தில் பிறந்த திட்டம் அது. களப்பணியை வழிநடத்தியவர் தோமாஸ் நவாரோ தோமாஸ். 1918இல் அவர் எழுதிய ஸ்பானிய உச்சரிப்புக் கையேடு பல பத்தாண்டுகள் ஸ்பெயினுக்கு உள்ளும் வெளியும் ஆசிரியர்களின் கையில் இருந்தது. ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தீலியப் பகுதியில் படித்தவர்கள் பேசும் விதத்தைத்தான் அது நெறியாக வகுத்துத் தந்தது. ஆனால் அதே நவாரோ தோமாஸ் 1927–28இல் புவேர்த்தோ ரிக்கோவுக்குச் சென்று, தீவு முழுவதும் சுற்றி, காஸ்தீலிய நெறிக்குக் கொஞ்சமும் அடங்காத பேச்சை ஊர்வாரியாகப் பதிவுசெய்தார். நெறியை எழுதியவரே நெறிக்கு வெளியே இருந்த பேச்சையும் அதே மரியாதையுடன் தேடிப் போயிருக்கிறார். இந்தத் துறையின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான். வகுப்பறைக்கு ஒரு நெறி, ஆய்வுக்கு ஆயிரம் வழக்குகள் என்ற பிரிவினை அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதன் சிக்கல் இன்றும் தீரவில்லை.

தீபகற்பம் முழுவதிலும் 500க்கு மேற்பட்ட ஊர்களில் நடப்பதாக இருந்த அந்தக் களப்பணியில் பெரும்பகுதி முடிந்திருந்தபோது போர் குறுக்கிட்டது. 1939 ஜனவரியில் நவாரோ தோமாஸ், கவிஞர் அந்தோனியோ மச்சாதோவுடன் பிரான்ஸ் எல்லையைக் கடந்தார். மச்சாதோ அடுத்த மாதமே இறந்துபோனார். நவாரோ தோமாஸ் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1979இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஆய்வு ஏடுகள் 1951இல் ஸ்பெயினுக்குத் திரும்பின. 1962இல் ஒரே ஒரு தொகுதி வெளிவந்தது. மிஞ்சியவை பல இடங்களில் சிதறிக் கிடந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் டேவிட் ஹீப் என்ற கனடிய ஆய்வாளர் அவற்றைத் தேடிச் சேர்த்து இணையத்தில் ஏற்றினார். கேட்டுப் பதிந்தவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை.

இவ்வளவு விலை கொடுத்துச் சேர்த்த ஏடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் காலத்து வழக்கப்படி, ஒவ்வோர் ஊரிலும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த, அதிகம் படிக்காத, வயதான ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள். எந்த ஊரில் எந்த ஒலி என்று அந்த வரைபடம் சொல்லும். அதே ஊரில் அவருடைய பேத்தி எப்படிப் பேசுகிறாள், அவரே பாதிரியாரிடம் ஒருவிதமாகவும் மனைவியிடம் இன்னொரு விதமாகவும் பேசுகிறாரா என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது.

ஒரே ஒலி, மூன்று நிலை

ஸ்பானிய உச்சரிப்பில் வேறுபாடுகள் ஏராளம். ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்ப்பதானால் நான் ‘ஸ்’ ஒலியையே எடுப்பேன். வீடுகள் என்பதற்கு ஸ்பானியத்தில் ‘லாஸ் காஸாஸ்’ என்பார்கள். மெக்சிக்கோ நகரிலும் போகோட்டாவிலும் கீட்டோவிலும் இந்தத் தொடரின் மூன்று ஸகரமும் தெளிவாகக் கேட்கும். ஹவானா, சான் ஹுவான், சாந்தோ தொமிங்கோ, பனாமா நகரம், வெனிசுவேலாக் கடற்கரை, ஸ்பெயினின் அந்தலூசியா, கானரித் தீவுகள் ஆகிய இடங்களில் அது ‘லாஹ் காஸா’ ஆகும், அல்லது ‘லா காஸா’ என்றே நின்றுவிடும். நடுவில் உள்ள ‘ஸா’வுக்கு மட்டும் ஒன்றும் நேர்வதில்லை. அசையின் தொடக்கத்தில் உள்ள ஸகரம் நிற்கிறது, அசையின் முடிவில் உள்ளது தேய்கிறது. முதலில் அழுத்தமான ‘ஸ்’, அடுத்து மூச்சொலியாகிய ‘ஹ்’, கடைசியில் வெறுமை என்று மூன்று நிலைகள்.

ஒருவருடைய பேச்சிலேயே மூன்று நிலைகளும் மாறி மாறி வரும். இங்கேதான் வெளியாளின் காது ஏமாறுகிறது. ‘வாய்க்கு வந்தபடி விழுங்குகிறார்கள்’ என்று தோன்றும். பதிவுசெய்து, ஒவ்வொரு ஸகரமாக எண்ணிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு வெளிப்படும். அடுத்து மெய்யெழுத்து வந்தால் தேய்வு மிகுதி. சொல்லுக்குப் பின் உயிரெழுத்தோ இடைவெளியோ வந்தால் நிலைமை ஊருக்கு ஊர் மாறும். புவனோஸ் ஐரிஸில் படித்தவர்கள்கூட ஈயைக் குறிக்கும் ‘மோஸ்கா’வை ‘மோஹ்கா’ என்கிறார்கள். அதை அங்கே யாரும் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் வாக்கியத்தின் கடைசியில் வரும் ஸகரத்தை அதே மனிதர்கள் பெரும்பாலும் முழுமையாகவே ஒலிக்கிறார்கள். கரீபியத்தில் அந்தக் கடைசி ஸகரமும் போய்விடுகிறது.

இப்படி எண்ணிப் பார்க்கும் முறைக்கு அடித்தளமிட்டவர் வில்லியம் லபோவ். 1960களில் நியூயார்க் நகரின் ஆங்கிலத்தை ஆராய்ந்த அவர், ஓர் உச்சரிப்பு எத்தனை முறை வந்திருக்கக்கூடும், அவற்றில் எத்தனை முறை வந்தது என்று கணக்கிட்டு, அதை வயது, வர்க்கம், பேசும் சூழல் ஆகியவற்றோடு பொருத்திக் காட்டினார். ஸ்பானியத்தில் அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் ஹென்றியெட்டா செடர்கிரன். பனாமா நகரின் பேச்சை ஆராய்ந்து 1973இல் அவர் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். சிறுமியைக் குறிக்கும் ‘முச்சாச்சா’ என்ற சொல் அங்கே ‘முஷாஷா’ என்று ஒலிக்கத் தொடங்கியிருந்தது. இளையவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். அப்படியானால் மொழி மாறுகிறதா, இல்லை, இளமையில் எல்லோரும் அப்படிப் பேசிப் பின்னர் விட்டுவிடுகிறார்களா? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு கள ஆய்வால் விடை சொல்ல முடியாது. செடர்கிரன் பின்னாளில் அதே நகருக்குத் திரும்பிச் சென்று மீண்டும் ஆராய்ந்தார். அந்தப் பொறுமைதான் இந்தத் துறையின் உண்மையான மூலதனம்.

மொழியியலாளர் ஷானா பாப்ளாக் 1970களின் இறுதியில் பிலடெல்பியாவில் குடியேறிய புவேர்த்தோ ரிக்கோக்காரர்களின் பேச்சில் கண்டது இன்னும் வியப்பானது. ஸ்பானியத்தில் பன்மையைக் காட்டுவது ஸகரம். ‘லாஸ் கோஸாஸ் போனீதாஸ்’, அதாவது ‘அழகான பொருள்கள்’ என்ற தொடரில் மூன்று சொற்களிலும் அது வருகிறது. மூன்றில் இரண்டு தேய்ந்தாலும் பொருள் கெடாதபடி பேசுகிறவர்கள் ஒன்றையாவது காப்பாற்றுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. முதல் சொல்லில் ஸகரம் இருந்தால் அடுத்ததிலும் இருக்கும் வாய்ப்பு கூடியது. முதலில் விழுந்தால் அடுத்ததிலும் விழும் வாய்ப்பு கூடியது. பொருளைக் காக்கும் எண்ணத்தைவிட, தொடங்கிய தாளத்தைத் தொடரும் பழக்கம் வலுவாக இருந்தது. அப்படியும் கேட்பவர்கள் குழம்புவதில்லை. வினைச்சொல்லும் சூழலும் பிற சொற்களும் பன்மையைத் தெரிவித்துவிடுகின்றன.

டொமினிக்கன் குடியரசில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஸகரத்தை ஒலிப்பது படித்தவர்களின் அடையாளம் என்று தெரிந்தவர்கள், அது எந்தச் சொல்லில் உண்டு என்று உறுதியாகத் தெரியாதபோது, இல்லாத இடத்திலும் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். நயமானது என்று பொருள்படும் ‘ஃபீனோ’ இப்படி ‘ஃபிஸ்னோ’ ஆகிறது. ‘ஃபிஸ்னோவாகப் பேசுகிறான்’ என்று அந்நாட்டு மக்கள் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. சிரிப்புக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடமும் வானொலியும் ஏற்படுத்திய அச்சம்தான். தாய்மொழியைப் பேசும்போதே பிழை செய்கிறோமோ என்று ஒருவர் நடுங்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கிழக்கு அந்தலூசியாவில், குறிப்பாக கிரனாடாப் பகுதியில், கதை வேறு திசையில் போகிறது. அங்கே ஸகரம் முழுவதுமாக மறைந்தாலும் பன்மை மறைவதில்லை. நூலுக்கு ‘லிப்ரோ’, நூல்களுக்கும் காதில் விழுவது ஏறக்குறைய ‘லிப்ரோ’தான். ஆனால் பன்மையில் அந்த ஓகாரத்தை வாயை இன்னும் அகலத் திறந்து சொல்கிறார்கள். சில சொற்களில் கடைசி உயிரோடு முன்னுள்ள உயிர்களும் சேர்ந்து அகன்றுவிடுகின்றன. போன மெய்யொலி தன் வேலையை உயிரொலியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறது. நவாரோ தோமாஸ் 1930களிலேயே இதைக் கவனித்து எழுதினார். இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கும் ‘பிராட்’ மென்பொருளில் இரண்டு ‘லிப்ரோ’க்களையும் பதிந்து அளந்தால், வித்தியாசம் எண்களாகவே திரையில் தெரியும்.

செவியாவும் மாட்ரிடும்

ஒரே மொழி ஏன் மலைநாட்டில் ஒருவிதமாகவும் கடற்கரையில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது? வெனிசுவேலாவில் வாழ்ந்த மொழியறிஞர் ஆங்ஹெல் ரோசன்பிளாட், மேட்டுநிலத்தார் உயிரெழுத்துகளைத் தின்கிறார்கள், தாழ்நிலத்தார் மெய்யெழுத்துகளைத் தின்கிறார்கள் என்று சொன்னது புகழ்பெற்றது. மெக்சிக்கோ மேட்டுநிலத்தில் ஸகரம் கணீரென்று நிற்கும். அதன் அருகிலுள்ள அழுத்தமில்லாத உயிர்தான் மெலியும், ‘முன்பு’ என்று பொருள்படும் ‘ஆந்தெஸ்’ என்பது ‘ஆந்த்ஸ்’ போலக் கேட்கும். கரீபியக் கரையில் இதற்கு நேர்மாறு.

இதற்குக் காரணம் தட்பவெப்பமே என்று சொன்னவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் தாக்கம் என்றவர்களும் இருந்தார்கள். 1890இல் சிலிக்கு ஆசிரியராக வந்த ஜெர்மானியர் ரொதோல்ஃபோ லென்ஸ், சிலி மக்கள் பேசுவது மபுச்சே என்ற பழங்குடியினரின் மொழி ஒலிகளோடு கூடிய ஸ்பானியம் என்றே எழுதினார். லென்ஸ் சுட்டிய ஒலிகள் சிலிக்கு வெளியே, மபுச்சே மொழி எட்டியே பார்க்காத இடங்களிலும் இருப்பதைப் பின்னாளில் மொழியறிஞர் அமாதோ அலோன்சோ எடுத்துக்காட்டி அந்த வாதத்தைத் தகர்த்தார். ஓர் ஒலி எங்கிருந்து வந்தது என்று முடிவுசெய்யும் முன் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்த எளிய பாடத்தைப் பலர் இன்னும் கற்கவில்லை.

வலுவான விடை கப்பல்களிடம் இருந்தது. 1503இல் அந்தலூசியாவின் செவியா நகரில் நிறுவப்பட்ட வணிக அலுவலகம், அமெரிக்கக் கண்டத்துடனான கப்பல் போக்குவரத்து முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்தது. 1717இல் அது காதிஸ் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. அதுவும் அந்தலூசிய நகரமே. கடல் கடக்க விரும்பியவர்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அந்தலூசியாவில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, அந்தலூசிய மாலுமிகளுடன் பயணம் செய்தார்கள். பீட்டர் பாய்ட்-பவ்மன் என்ற ஆய்வாளர் செவியாவின் ஆவணக் காப்பகப் பதிவுகளைப் புரட்டி, 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற 40,000 பேரின் சொந்த ஊர்களைத் திரட்டினார். தொடக்கக் காலத்தில் சென்றவர்களில் அந்தலூசியர்களே மிகப் பெரிய பிரிவினர். பெண்களில் அவர்களின் பங்கு இன்னும் அதிகம். குழந்தைகள் யாருடைய மடியில் பேசக் கற்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கின் எடை புரியும்.

மெக்சிக்கோ நகரமும் லிமாவும் துணைமன்னர்களின் தலைநகரங்கள். மாட்ரிடிலிருந்து அதிகாரிகளும் நீதிபதிகளும் குருமார்களும் அங்கே ஓயாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஹவானாவிலும் கார்த்தஹேனாவிலும் நங்கூரமிட்டவை செவியாவின் கப்பல்கள். தலைநகரங்களின் பேச்சு மாட்ரிடைப் பார்த்தது, துறைமுகங்களின் பேச்சு செவியாவைப் பார்த்தது என்று 1962இல் மெனெந்தெஸ் பிதால் வாதிட்டார். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் இந்தப் படம் பெருமளவு நிலைத்து நிற்கிறது.

ஸ்பெயினின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் ‘காஸா’ என்றால் வீடு. நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே நீட்டி ஊதும் ஒலியோடு அதைச் சொன்னால் வேட்டை. இலத்தீன் அமெரிக்காவில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘ஸ்’ ஒலி சரியாக வராத ஓர் அரசனைப் போலப் பேச அரசவையே முயன்றதால்தான் ஸ்பெயினில் அந்த நாக்கு நுனி ஒலி வந்தது என்ற கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அப்படி உச்சரித்ததாக வரலாற்றுக் குறிப்பில் வரும் பெத்ரோ மன்னன் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். அந்த ஒலி உருப்பெற்றதோ 16, 17ஆம் நூற்றாண்டுகளில். அதோடு, அரசனைப் பின்பற்றியிருந்தால் எல்லா ஸகரமும் மாறியிருக்க வேண்டும். ‘காஸா’வில் உள்ள ஸகரம் மாறவே இல்லை. இடைக்காலக் காஸ்தீலியத்தில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்த பல உரசொலிகள் இருந்தன. அவற்றை வடக்கத்தியர்கள் ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கி வைத்தார்கள், தெற்கத்தியர்கள் ஒன்றாகக் கலந்தார்கள். நடந்தது அவ்வளவுதான். எதுவும் எதன் சிதைவும் அன்று.

மாற்றம் நின்றுவிடவும் இல்லை. தெருவைக் குறிக்கும் ‘காயே’ என்ற சொல்லை புவனோஸ் ஐரிஸில் முன்பு குரல் அதிர்வோடு கூடிய ஓர் உரசொலியால் சொன்னார்கள். 1970களின் இறுதியில் அங்கே ஆய்வு நடத்தியவர்கள், இளம்பெண்கள் பலர் அதிர்வை விட்டுவிட்டு ‘காஷே’ என்று சொல்வதைக் கண்டார்கள். இன்று அந்நகரத்து இளைய தலைமுறையிடம் ‘ஷ’ தான் பொது ஒலி. பராகுவேயிலும் பொலிவியாவின் மலைப்பகுதிகளிலும் பலர் இதே சொல்லை இன்னும் பழைய மருங்கொலியுடன் (நாக்கின் பக்கங்கள் வழியே காற்று வெளியேறும் ஒலி), ‘கால்யே’ என்பதற்கு நெருக்கமாகச் சொல்கிறார்கள். அவர்கள் காத்துவரும் வேறுபாட்டை மாட்ரிட் நகரமே கைவிட்டுவிட்டது. மூலத்தைத் தூய்மையாகக் காப்பது ஸ்பெயின் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

வகுப்பறையில் எது நுழைகிறது

ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் ஸ்பெயினில் வாழ்கிறார். மெக்சிக்கோவின் மக்கள்தொகை மட்டுமே ஸ்பெயினைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான பாடத்திட்டங்கள் நெடுங்காலம் ஸ்பெயினின் நடு, வட பகுதிகளின் பேச்சையே அச்சாகக் கொண்டிருந்தன. ஸ்பானிய மொழியைப் பரப்ப ஸ்பெயின் அரசு நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனம் 2006இல் வெளியிட்ட விரிவான பாடத்திட்டமும் அந்த வழக்கையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் குறிப்புகளாகத் தந்தது. 2016இல் தொடங்கிய ‘சியேலே’ என்ற ஸ்பானிய மொழித்திறன் தேர்வு இதில் ஒரு திருப்பம். செர்வாந்தெஸ் நிறுவனம், சலமான்கா பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் மெக்சிக்கோ தேசியப் பல்கலைக்கழகமும் புவனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை நடத்துகின்றன. கேட்டல் பகுதியில் பல நாட்டுக் குரல்கள் வருகின்றன.

தேர்வில் குரல்கள் வந்துவிட்டன, வகுப்பில் இன்னும் போதிய அளவு வரவில்லை என்பதே என் ஆதங்கம். பாடநூலோடு வரும் ஒலிப்பதிவுகளில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிதானமாக வாசித்த குரல்களே மிகுதி. ஈராண்டு படித்த மாணவர் ஹவானா விமான நிலையத்தில் இறங்குகிறார். மீனைக் குறிக்க ‘பெஸ்காதோ’ என்று அவர் படித்திருக்கிறார். அங்கே காதில் விழுவது ‘பெஹ்காவ்’. ஸகரம் மூச்சாகிவிட்டது, தகரம் கரைந்துவிட்டது. அவர் தன் காதையோ அந்த மக்களையோ குறை சொல்லத் தொடங்குகிறார். இரண்டுமே தவறு. ‘-ஆதோ’ என்ற ஈறு ‘-ஆவ்’ ஆவது மாட்ரிட் நகரப் பேச்சிலேயே சாதாரணம். அது மட்டும் பாடத்தில் இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பேசுவதையும் கேட்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பேசுவதற்கு மாணவர் ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும். ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊரின் படித்தவர் பேச்சே பொதுவாக நல்ல தேர்வு. கானரித் தீவிலிருந்தோ கொலம்பியக் கரையிலிருந்தோ வந்த ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் மாட்ரிட் குரலைப் பூசிக்கொள்ள வேண்டியதில்லை. அப்படிப் பூசிக்கொள்ளும்படி நிர்வாகம் எதிர்பார்த்தால், மாணவர்களுக்குக் கிடைப்பது யாருடைய வாயிலும் இயல்பாக வராத பேச்சு. கேட்பதில் மட்டும் கட்டுப்பாடு கூடாது. முதல் ஆண்டிலிருந்தே பல குரல்கள் காதில் விழ வேண்டும். தேயும் ஸகரத்துக்குப் பழக்கப்படாத மாணவர்கள் அதை அடையாளம் காணத் தடுமாறுவதையும், அத்தகைய பேச்சு வழங்கும் நாட்டில் சில வாரங்கள் தங்கியவர்களின் புரிதலே முன்னேறுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காது விரைவாகப் பழகுகிறது. வாய் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஸ்பெயினுக்குப் படிக்கச் செல்லும் அமெரிக்க மாணவர்களில் பலர் அந்த நாக்கு நுனி ஒலியை நன்றாகப் புரிந்துகொண்டும் தாங்கள் பேசும்போது எடுத்துக்கொள்வதில்லை.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு. அதை ஸ்பானியம் கற்பிக்கும் நம் ஊர் வகுப்புகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ‘பந்து’ என்ற சொல்லில் தகரம் முழுத் தடையோடு ஒலிக்கிறது. ‘அது’ என்பதில் அதே தகரம் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் மென்மையாக வருகிறது. ‘சங்கு’, ‘அகம்’ என்ற இரண்டிலும் ககரம் அப்படியே நடந்துகொள்கிறது. ஸ்பானியத்தின் விதியும் ஏறக்குறைய இதுதான். எங்கே என்று கேட்கும் ‘தோந்தே’யில் மூக்கொலிக்குப் பின் வருவது முழுத் தடை. விரலைக் குறிக்கும் ‘தேதோ’வின் இரண்டாவது தகரம் நம் ‘அது’வின் தகரம். ஏரியைக் குறிக்கும் ‘லாகோ’வின் ககரம் நம் ‘அகம்’. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து பெறுவது நமக்கு நாவிலேயே இருக்கிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்தைக் கற்பதால் அதை இழந்து, தகரம் வர வேண்டிய இடத்தில் டகரம் போட்டு ‘டோண்டே’ என்கிறோம். ஸ்பானியத் தகரம் பல்லில் படும் தகரம். அதற்குத் தமிழின் துணை போதும், ஆங்கிலத்தின் துணை வேண்டாம்.

நாக்கு ஒருமுறை தட்டும் வருடொலியும் பலமுறை அதிரும் ஆடொலியும் அப்படி எளிதல்ல. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்ற இணைப்புச் சொல், நாக்கு பலமுறை அதிரும் ‘பெர்ரோ’ என்றால் நாய். அந்த அதிர்வுக்குப் பயிற்சி தேவை. இதிலும் புவேர்த்தோ ரிக்கோவில் பலர் தொண்டையின் பின்பகுதியிலிருந்து அதை எழுப்புகிறார்கள், ஆந்திய மலைப்பகுதிகளில் பலர் உரசொலியாக மாற்றுகிறார்கள். இவற்றை மாணவர் செய்துகாட்ட வேண்டியதில்லை. கேட்டால் நாய் என்று தெரிந்தால் போதும்.

ஆய்வுக் கருவிகளையே பாடப்பொருளாக்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் இனெஸ் பெர்னாந்தெஸ்-ஒர்தோனியெஸ் 1990 முதல் மாணவர்களை ஸ்பெயினின் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று, முதியவர்களோடு உரையாடிப் பதிவுசெய்யும் திட்டத்தை நடத்திவருகிறார். ‘கோசெர்’ என்று அழைக்கப்படும் அந்தக் குரல் தொகுப்பை இணையத்தில் யாரும் கேட்கலாம். நகரப் பேச்சுக்கு ‘பிரெசேயா’ திட்டம் இருக்கிறது. பிரான்சிஸ்கோ மொரேனோ பெர்னாந்தெஸ் ஒருங்கிணைக்கும் இதில் ஸ்பெயினிலும் அமெரிக்கக் கண்டத்திலும் உள்ள நகரங்கள் பல சேர்ந்திருக்கின்றன. ஆண், பெண் என இரு பிரிவு, வயதில் மூன்று, கல்வியில் மூன்று. ஆக 18 கட்டங்கள். கட்டத்துக்கு மூவர் வீதம் ஒரு நகருக்குக் குறைந்தது 54 பேர். எல்லா நகரிலும் ஒரே முறை என்பதால் ஹவானாவையும் மெக்சிக்கோ நகரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. ஒதேரோவின் காலத்தில் காதையும் பென்சிலையும் மட்டும் நம்பிச் செய்த வேலையை இன்று ஒரு மாணவர் கணினி முன் அமர்ந்து சரிபார்க்கலாம்.

இடைநிலை வகுப்பில் இதை இப்படிச் செய்யலாம். ஒரே நகரைச் சேர்ந்த, ஒரே அளவு படித்த, வயதில் வேறுபட்ட இருவரின் உரையாடலில் ஐந்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துவடிவத்தில் அசை முடிவில் வரும் ஒவ்வொரு ஸகரத்தையும் வட்டமிட வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ‘ஸ்’, ‘ஹ்’, வெறுமை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அடுத்த ஒலி மெய்யா, உயிரா, இடைவெளியா என்று பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு இருவர் இருவராக ஒப்பிட்டால், எங்கே காதுகள் ஒத்துப்போகவில்லை என்பது தெரியும். அந்த இடங்களில் பிராட் திரையைத் திறந்து பார்க்கலாம். ஸகரம் இருந்தால் மேல்பகுதியில் அடர்ந்த கருமை தெரியும், மூச்சொலி என்றால் அது வெளிறியிருக்கும். இவ்வளவையும் செய்து முடித்த மாணவர் கரீபியப் பேச்சைச் சோம்பல் என்று மறுபடியும் சொல்வார் என்று நான் நம்பவில்லை. அவரே எண்ணியிருக்கிறார், அவரே ஒழுங்கைக் கண்டிருக்கிறார்.

மதிப்பெண் போடும்போதும் ஆசிரியர் இந்த அறிவைக் கொண்டுவர வேண்டும். மாணவர் ‘பெரோ’வையும் ‘பெர்ரோ’வையும் குழப்பினால் திருத்தலாம், ஏனெனில் ஸ்பானிய உலகில் ஏறக்குறைய எவரும் அந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில்லை. வேட்டையையும் வீட்டையும் ஒரே ஒலியால் சொன்னால் திருத்தக் கூடாது, கோடிக்கணக்கானோர் அப்படித்தான் சொல்கிறார்கள். புவேர்த்தோ ரிக்கோப் பாட்டியிடம் வளர்ந்த மாணவி கதவைக் குறிக்கும் ‘புவேர்த்தா’வை ‘புவேல்த்தா’ என்று வாசித்தால், அது அவள் வீட்டு ஒலி என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தேர்வு அரங்கிலும் நேர்காணலிலும் ரகரத்தோடு வரும் வடிவத்தையும் எதிர்பார்ப்பார்கள் என்று சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்குமேல் அந்த விடைத்தாளில் சிவப்பு மைக்கு வேலை இல்லை.